நர்சம்மா பதில்கள்: கடலோரப் பாதை

சென்ற இதழில், இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலோரப் பாதையில் மகளோடு நடந்ததைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

எனக்கு வயது 54. தேயிலைத் தோட்டத்தில் சூப்பர்வைசர். மகன் லண்டனில் இருக்கிறான், வரச் சொல்லி அழைக்கிறான். அந்தப் பாதையில் என்னால் நடக்க முடியுமா, நர்சம்மா?
– வாசகர், கூடலூர்

தாராளமாக முடியும் ஐயா. தினமும் தோட்டத்துச் சரிவில் ஏறி இறங்குகிற கால்கள் உங்களுடையவை. ஆனால் மொத்த நீளத்தையும் நினைத்து மலைக்க வேண்டாம். சாமர்செட்டில் மைன்ஹெட் என்ற ஊரில் தொடங்கி, டெவன், கார்ன்வால் வழியாக டோர்செட்டின் பூல் துறைமுகம் வரை 1,014 கிலோமீட்டர். முழுவதும் நடப்பவர்களுக்கு ஏழெட்டு வாரம் ஆகிறது. நாங்கள் நடந்தது கார்ன்வாலில் சில பகுதிகள் மட்டும். என் மகள் அங்கே நர்சாக இருக்கிறாள். அவள் விடுமுறை நாட்களில் பஸ்ஸில் போய் இறங்குவோம், நடப்போம், அடுத்த ஊரில் பஸ் பிடித்துத் திரும்புவோம். நீங்களும் அப்படியே செய்யலாம்.

கடலோரம்தானே, சமதளமாக இருக்கும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். அந்தப் பாதையின் மிக உயரமான இடமே 318 மீட்டர்தான். ஆனால் வழியில் வரும் ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் ஏறக்குறைய 35,000 மீட்டர்! கடல் மட்டத்திலிருந்து தொட்டபெட்டா உச்சிக்குப் பதின்மூன்று முறை ஏறுகிற கணக்கு. அதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காலத்தில் கடத்தல்காரர்களைப் பிடிக்க, கடலோரக் காவலர்கள் ரோந்து நடந்து உண்டான தடம் அது. ஒவ்வொரு சின்னக் குடாவுக்குள்ளும் படகு ஒளிந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாக வேண்டுமே! அதனால் பாதை பாறை விளிம்பை ஒட்டியே போகும். ஓடை கடலில் சேருகிற இடத்தில் எல்லாம் அடிவரை இறங்கி, மறுபடி மேலே ஏறும்.

ஏறும்போது மூச்சு வாங்கும், அது பரவாயில்லை. இறங்கும்போதுதான் முட்டி தேயும். இரண்டு கைக்கும் ஊன்றுகோல் வைத்துக்கொள்ளுங்கள். கால் விரல் நகங்களை நேராக வெட்டிக்கொள்ளுங்கள். பாதத்தில் எங்கேயாவது சூடாக உறுத்தினால், ஊர் வரட்டும் என்று காத்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்து பிளாஸ்டர் ஒட்டுங்கள். மாற்றுக் காலுறை எப்போதும் பையில் இருக்கட்டும். நீலகிரியில் ஹட்டி ஹட்டியாக (ஹட்டி என்றால் மலைக் கிராமம்) நடந்து தடுப்பூசி போட்ட வருடங்களில் நான் தெரிந்துகொண்ட விஷயங்கள்தான் இவை, அங்கேயும் அப்படியே பொருந்தின.

முதல் நாளுக்கு கார்ன்வாலில் லிசார்ட் என்ற ஊரிலிருந்து கவராக் என்ற ஊர் வரை போங்கள். ஏறக்குறைய 17 கிலோமீட்டர். லிசார்ட் முனைதான் பிரிட்டனின் பெருநிலத்துத் தென்கோடி. நடுவில் காட்ஜ்வித் என்ற மீனவ கிராமம் வரும். கூரை வேய்ந்த வீடுகள். மீன்பிடி படகுகளை வின்ச் என்ற இழுவை இயந்திரம் போட்டுக் கரைக்கு இழுத்து வைத்திருப்பார்கள். அங்கே ஒரு மணி நேரமாவது உட்காருங்கள். ஊர்களை வேகமாகக் கடந்துவிட்டால் அந்தப் பாதையில் பாதியை நீங்கள் பார்க்கவே இல்லை என்றுதான் சொல்வேன்.

கட்டுரையோடு வந்த படத்தில் மஞ்சள் பூ பூத்த முள் புதர் இருந்தது. ஊட்டிப் பக்கம் களைச்செடி என்று பிடுங்குகிற கோர்ஸ்தானே அது? அங்கே மட்டும் ஏன் அதைக் காப்பாற்றுகிறார்கள்?
– கல்லூரி மாணவி, ஊட்டி

அதே செடிதான் கண்ணு. படத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாயே, மிகவும் சந்தோஷம்.

அங்கே கடலோரப் பாறைக்கு மேலே காற்று அடித்துக்கொண்டே இருக்கும், மண்ணில் சத்து கிடையாது, புளிப்பு மண். மரம் உயர்ந்து நிற்க முடியாத அந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஹெதர் என்ற குறுஞ்செடியும் கோர்ஸும் படர்ந்து புதர்வெளி ஆகிறது. ஆகஸ்டில் ஹெதர் ஊதாவாகப் பூக்கும், கூடவே குட்டை ரக கோர்ஸ் மஞ்சளாகப் பூக்கும். லிசார்ட் பக்கத்தில் ஹெதரின் உறவான கார்னிஷ் ஹீத் என்று ஒரு தனி இனமே உண்டு. கோர்ஸ் பூவை முகர்ந்து பார்த்தால் தேங்காய் வாசனை வரும். நான் பல தடவை குனிந்து முகர்ந்தேன்.

ஆனால் அந்த வெளி தானாக அப்படி நிற்பதில்லை. பல நூறு ஆண்டுகளாக மாடு மேய்த்தார்கள். கோர்ஸை வெட்டி ரொட்டி அடுப்பு எரித்தார்கள், முள்ளை நசுக்கிக் குதிரைக்குப் போட்டார்கள். மேய்ச்சல் நின்ற இடத்தில் எல்லாம் முட்புதர் மண்டிவிட்டது. அதனால் இப்போது மறுபடி மட்டக்குதிரைகளையும் மாடுகளையும் கொண்டுவந்து மேயவிடுகிறார்கள். கோர்ஸின் விதையைத் தின்கிற கூன்வண்டும் அங்கே உண்டு.

இங்கே என்ன நடந்தது? வெள்ளைக்காரர்கள் செடியைக் கொண்டுவந்தார்கள். அதை அடக்கி வைக்கிற வண்டும், வெட்டுகிற பழக்கமும் கூட வரவில்லை. வெட்டினால் கட்டையிலிருந்து துளிர்க்கும். விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். ஒருமுறை பிடுங்கிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தால், சில வருடங்களில் பழையபடி வந்துவிடும். தோடர்களின் எருமை மேய்ந்த புல்வெளியை இதுவும், ஸ்காட்ச் புரூம் என்ற புதர்ச்செடியும், சீகை மரமும் சேர்ந்து எவ்வளவு தின்றுவிட்டன என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. கார்ன்வாலில் அந்தப் பூவை ஆசையாகப் பார்த்தேன். அவலாஞ்சிப் பக்கம் பிடுங்குகிறவர்களுக்கு என் ஆதரவும் உண்டு. இரண்டும் முழு மனதோடுதான்.

பாம்பு, மிருகம் பயம் உண்டா?
– வாசகி, குன்னூர்

கரடி, காட்டெருமை, யானை எதுவும் இல்லை. விஷப் பாம்பு ஒன்றே ஒன்று, ஆடர் என்று பெயர். வெயிலில் படுத்திருக்கும், காலடி அதிர்ந்தால் விலகிவிடும். அதைவிட உண்ணிக்குப் பயப்படுங்கள். லைம் என்ற நோயைப் பரப்பும். மாலையில் உடம்பு முழுவதும் பாருங்கள். முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எதையும் விடாதீர்கள். ஒட்டியிருந்தால் தோலை ஒட்டிப் பிடித்து மெதுவாக இழுத்து எடுங்கள், நசுக்காதீர்கள். அப்புறம், பாறை விளிம்பில் நின்று செல்ஃபி வேண்டவே வேண்டாம். அடியில் மண் அரித்துப்போயிருப்பது மேலே நிற்பவருக்குத் தெரியாது.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?
– வாசகர், கோத்தகிரி

ஊருக்கு ஊர் பேஸ்டி கிடைக்கும், மாவுக்குள் பூரணம் வைத்து மடித்துச் சுட்டது. அசல் கார்னிஷ் பேஸ்டியில் மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், டர்னிப் போன்ற ஒரு கிழங்கு இருக்கும். மாட்டிறைச்சி வேண்டாதவர்கள் பாலாடைக்கட்டியும் வெங்காயமும் வைத்தது கேட்டு வாங்கலாம். நாங்கள் புளிச்சோறும் கட்டிக்கொண்டு போனோம்.

நம் நீலகிரியில் ஏன் இப்படி ஒரு நெடும்பாதை இல்லை?
– ஆசிரியர், கீழ்க்கோத்தகிரி

இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவள் நான். அங்கே பாதை தனியார் வயலுக்குள் போனாலும் நடப்பது பொதுமக்களின் சட்ட உரிமை. வயல்காரர் மறிக்க முடியாது. நடப்பவரும் படலை எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். திருப்பங்களில் ஓக் மரத்துக் கொட்டையின் படம் போட்ட கம்பம் வழிகாட்டும். 

நம் வனத்துறை 2024இல் மாநிலம் முழுவதும் 40 நடைத்தடங்களை முறைப்படுத்தியது நல்ல காரியம். ஆனால் அவை காட்டுத் தடங்கள், வழிகாட்டியோடு போய்வர வேண்டியவை. நான் கேட்பது ஹட்டிக்கு ஹட்டி போகிற பாதை. தேயிலைக்கு நடுவே பெண்கள் தினமும் நடக்கிற ஒற்றையடிப் பாதைகள் ஏற்கெனவே இருக்கின்றன. எங்கெங்கே வேலி விழுந்து அடைபட்டிருக்கிறது என்று ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். கரடியும் காட்டெருமையும் நடமாடுகிற விடியற்காலையும் அந்தி நேரமும் தவிர்த்து, பகலில் நடக்கிறமாதிரி தூரம் பிரிக்க வேண்டும். உங்கள் பள்ளிப் பிள்ளைகளை வைத்து, கீழ்க்கோத்தகிரியைச் சுற்றியுள்ள பாதைகளை முதலில் ஒரு வரைபடமாக வரையச் சொல்லுங்கள், சார். ஒரு நகல் எனக்கும் அனுப்புங்கள்.