எல்லாம் செய்கூலிதான்

வணக்கம் சார்,

கோவையில் ஐடி வேலையில் இருக்கிறேன். போன மாதம் இன்சென்டிவ் வந்ததும் 9,000 ரூபாய்க்கு ஒரு ஸ்வரோவ்ஸ்கி சங்கிலியும் பதக்கமும் வாங்கினேன். அம்மா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு "வைரமா?" என்றார். "இல்லம்மா, கிறிஸ்டல்." "அப்படின்னா?" "கண்ணாடி." அன்றிலிருந்து வீட்டில் என் பெயரே கண்ணாடிக்காரி. அந்தக் காசை நகைச்சீட்டில் கட்டியிருக்கலாம் என்கிறார். கழுத்தில் போட்டால் எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. இருந்தாலும் ஏமாந்துவிட்டேனோ என்று ஓர் உறுத்தல். கண்ணாடிக்கு ஏன் இத்தனை மவுசு?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அம்மா பக்கம் நியாயம் இருக்கிறது. அது கண்ணாடிதான். பெயர்தான் கிறிஸ்டல். படிகத்தில் அணுக்கள் வரிசை கட்டி நிற்கும், கண்ணாடியில் தாறுமாறாகக் கிடக்கும். அசல் படிகம் வேண்டுமென்றால் பூஜையறை ஸ்படிக மாலையைத்தான் காட்ட வேண்டும். ஆனால் அந்த மாலை உங்கள் பதக்கம் போல மின்னாது.

கண்ணாடியில் ஈயம் சேர்த்தால் ஒளி கூடுதலாக வளையும், நிறம் நிறமாகப் பிரியும். 18-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஜார்ஜ் ஃப்ரெடரிக் ஸ்ட்ராஸ் என்ற நகைக்காரர் இந்த ஈயக் கண்ணாடியை வைரம் போலப் பட்டை தீட்டி விற்றார். கள்ளத்தனமாக அல்ல, இன்னதென்று சொல்லியே விற்றார். 1734-ல் அவர் மன்னருக்கே நகைக்காரரானார். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இன்றும் இந்தக் கல்லுக்கு அவர் பெயர்தான். (இப்போது ஈயம் கிடையாது. ஸ்வரோவ்ஸ்கி கம்பெனி 2012-லேயே ஈயமில்லாத கலவைக்கு மாறிவிட்டது. பயப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள்.)

ஸ்ட்ராஸ் காலத்தில் எல்லாம் கைவேலை. உங்கள் பதக்கத்தின் கம்பெனியைத் தொடங்கிய டேனியல் ஸ்வரோவ்ஸ்கி, இன்றைய செக் நாட்டில் இருக்கும் பொஹீமியாவில், கண்ணாடிக் கல் வெட்டும் குடும்பத்தில் பிறந்தவர். 1883-ல் வியன்னாவில் நடந்த மின்சாரக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு, கல் வெட்டுவதையும் இயந்திரத்திடம் விட்டால் என்ன என்று யோசித்தார். ஒன்பது வருடம் கழித்து, 1892-ல், அந்த இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1895-ல் ஆஸ்திரியாவின் மலைப்பகுதியில் உள்ள வாட்டென்ஸ் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே இயந்திரம் ஓட்ட ஆற்றுத் தண்ணீர் இருந்தது. பொஹீமியாவில் இருந்த போட்டிக்காரர்களின் கண்ணுக்கும் எட்டாத தூரம். அவர் புதிதாகச் செய்தது கண்ணாடியை அல்ல, அதை வெட்டும் முறையை. ஃபேன்ஸி ஸ்டோரில் 50 ரூபாய்க்கு வாங்கிய தோட்டை எடுத்து லென்ஸில் பாருங்கள். பெரும்பாலும் அச்சில் அழுத்தி எடுத்த கல்லாக இருக்கும், விளிம்புகள் மழுங்கியிருக்கும். உங்கள் பதக்கத்தில் பட்டைக்குப் பட்டை விளிம்பு கத்தியாக நிற்கும்.

இப்போது அம்மாவின் கணக்குக்கு வருவோம். தங்கம் வாங்கும்போது பில்லில் எடைக்கு ஒரு தொகை, அப்புறம் செய்கூலி, சேதாரம் என்று போடுகிறார்கள் அல்லவா? நாளைக்கு அதே நகையை விற்கப் போனால் எடைக்குத்தான் காசு. செய்கூலியும் சேதாரமும் போனது போனதுதான். அதாவது தங்க நகையில் பெரும்பங்கு சேமிப்பு, மீதி அழகு. அழகுக்குக் கொடுத்த காசு அதிலும் திரும்பி வராது. உங்கள் பதக்கத்தில் எடை என்ற வரியே இல்லை, எல்லாம் செய்கூலிதான். அடகுக் கடைக்காரர் இதைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார். அதைச் சேமிப்பு என்று நினைத்து வாங்கியிருந்தால் ஏமாந்தீர்கள். அப்படி நினைத்ததாக உங்கள் கடிதத்தில் எங்கும் தெரியவில்லை.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெட்டிக்கும், மால் வாடகைக்கும், அந்த அன்னப்பறவை முத்திரைக்கும் சேர்த்துத்தான் 9,000. வெறும் மினுக்கு மட்டும் போதுமென்றால் நம்மூர் அமெரிக்கன் டைமண்ட் இதைத் தோற்கடித்துவிடும். அது ஒளியை இன்னும் அதிகமாக வளைக்கும், சீக்கிரம் கீறலும் விழாது, விலையும் குறைவு. பெயர்தான் அமெரிக்கன். அந்தக் கல்லைத் தொழிற்சாலையில் வளர்க்கும் வழியை 1970-களில் கண்டுபிடித்தவர்கள் சோவியத் விஞ்ஞானிகள். அதைப் பட்டை தீட்டித்தான் திருச்சிப் பக்கம் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்தன.

ஆனால் அமெரிக்கன் டைமண்டில் ஒரு சங்கடம் உண்டு. என் அக்கா ஒரு கல்யாணத்துக்கு அதில் ஏழு கல் தோடு போட்டுக்கொண்டு போனாள். ஒரு சித்தி "வைரமா?" என்று கேட்டுவிட்டார். வாய் தவறி "ஆமா" என்றுவிட்டாள். பந்தி முடியும்வரை சித்தி இடப்பக்கம் வந்தால் இவள் வலப்பக்கம் போனாள், பாயசம்கூடச் சாப்பிடவில்லை. வைரம் போல இருப்பதற்காகவே வாங்கிய கல், அதனால் அந்தப் பொய்யும் கூடவே வருகிறது. உங்களிடம் அம்மா அதே கேள்வியைக் கேட்டபோது நீங்கள் "கண்ணாடி" என்று சொல்லிவிட்டீர்கள். சொன்ன பிறகும் அது பிடித்தே இருக்கிறது என்கிறீர்கள். சரி, அப்புறம் என்ன உறுத்தல்? பஸ்ஸில் துப்பட்டாவால் கழுத்தை மூட வேண்டாம், ஊருக்குப் போகும்போது லாக்கரைத் தேட வேண்டாம். இந்த நிம்மதி பத்துப் பவுன் போட்டவர்களுக்குக் கிடையாது.

ஒரே ஒரு எச்சரிக்கை. வைரத்துக்குள் போன ஒளி தானே திரும்பி வரும். கண்ணாடியில் பின்வழியாக ஓடிவிடும். அதைத் தடுக்கத்தான் இந்த மாதிரிக் கற்களின் பின்பக்கம் கண்ணாடி ரசம் போல ஒரு பூச்சு கொடுப்பார்கள். நம்முடைய பழைய நகைகளில் கல்லுக்கு அடியில் மினுமினுப்புத் தாள் வைத்து அரக்கில் பதித்ததும் இதே தந்திரம்தான். தண்ணீரும் சென்ட்டும் அந்தப் பூச்சுக்கு எதிரி. சென்ட் அடித்து, காய்ந்த பிறகு போடுங்கள். வெள்ளிக்கிழமை அம்மா பூந்திக்கொட்டைத் தண்ணீரில் நகைகளை ஊறப்போடும்போது, கோபம் தணிந்து இதையும் எடுத்து உள்ளே போட்டுவிடப் போகிறார், பார்த்துக்கொள்ளுங்கள்.