பள்ளித் தோழர்களின் பணத்தில் ஆவணப்படம்: கேள்வி பதில்

ஊட்டி எச்.பி.எஃப். (இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ்) ஆலையைப் பற்றி நான் எடுத்த ஆவணப்படத்துக்குப் பெரும்பகுதிப் பணம் என்னோடு படித்தவர்கள் போட்டது. அதைக் கேள்விப்பட்டு மலையில் பல ஊர்களிலிருந்தும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி: அக்கா, இலங்கையிலிருந்து திரும்பி வந்த தேயிலைத் தொழிலாளர்களைப் பற்றிப் படம் எடுக்க ஆசை. எங்கள் பத்தாம் வகுப்பு பேட்ச் குரூப்பில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பணம் எப்படிக் கேட்பது?

குரூப்பில் முதலில் கேட்காதீர்கள். நாலு பேர் கட்டைவிரலைக் காட்டுவார்கள், இரண்டு பேர் "வாழ்த்துகள் மச்சி" என்பார்கள், மறுநாள் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் உங்கள் செய்தி போய்விடும். நெருக்கமான ஏழெட்டுப் பேரிடம் ஒவ்வொருவராகப் போனில் பேசுங்கள். படம் எதைப் பற்றி, மொத்தம் எவ்வளவு வேண்டும், அவரிடம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று மூன்றையும் சொல்லிவிடுங்கள். "முடிஞ்சதைக் குடு" என்று விட்டால் சங்கடம் அவருக்குத்தான். எவ்வளவு கொடுத்தால் மரியாதையாக இருக்கும் என்று யோசித்தே நாள் கடந்துவிடும்.

ஏன் இப்போதே எடுக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். உங்கள் படத்துக்கு அது மிக வலுவான காரணம். அவர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப வழிசெய்த 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறி வந்து, தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் வேலைக்குப் பேர் கொடுத்தவர்களில் அன்றைக்கே பெரியவர்களாக இருந்தவர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது. இதைக் கேட்ட பிறகு அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது.

அந்த ஏழெட்டுப் பேர் அனுப்பிய பிறகு குரூப்பில் எழுதுங்கள். பெயர்களை அகர வரிசையில் போடுங்கள், தொகை வேண்டாம். கல்யாண வீட்டு மொய்போல யார் எவ்வளவு என்று வாசித்தால், ஐந்நூறு போட்டவர் அடுத்த சந்திப்புக்கு வரவே தயங்குவார். வேலை போனவர், வீட்டில் நோயாளி இருப்பவர் யார் என்று உங்களுக்கே தெரியும். அவர்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்காதீர்கள்.

குன்னூரிலிருந்து ஒரு ஆசிரியை: ஐந்நூறு, ஆயிரம் என்று சேர்த்துப் படம் எடுக்க முடியுமா?

முடியும். 1976-இல் ஷியாம் பெனகல் எடுத்த 'மந்தன்' படத்துக்கு குஜராத் பால் உற்பத்தியாளர்கள் ஐந்து லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் போட்டார்கள். கேரளத்தில் இயக்குநர் ஜான் ஆபிரகாமும் அவருடைய 'ஒடேசா' திரைப்படக் குழு நண்பர்களும் ஊர் ஊராகப் போய் மக்களிடம் திரட்டிய காசில்தான் 1986-இல் 'அம்ம அறியான்' வந்தது. உங்கள் வகுப்பில் ஐந்து லட்சம் பேர் கிடையாது, அதனால் மொத்தத் தொகையையும் ஒரே மூச்சில் கேட்காதீர்கள். முதலில் மூன்று நிமிட முன்னோட்டத்துக்கு மட்டும் கேளுங்கள். அதைப் பார்த்தவர்கள் படப்பிடிப்புக்குத் தருவார்கள். எடிட்டிங்குக்கும் ஒலிக்கும் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

கூடலூரிலிருந்து ஒருவர்: கணக்கை யார் வைத்துக்கொள்வது?

இயக்குநர் வைத்துக்கொள்ளக் கூடாது. இதில் நான் பிடிவாதமாக இருப்பேன். தோழர்கள் காசு போடுவது உங்கள் முகத்துக்காக. அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற வேண்டுமானால் கணக்கு நோட்டு வேறொருவர் கையில் இருக்க வேண்டும்.

எங்கள் கணக்கை ஊட்டி மார்க்கெட்டில் தேயிலைத்தூள் கடை வைத்திருக்கும் தோழர் பார்த்தார். ஞாயிறு இரவு கடையைச் சாத்திவிட்டு அந்த வாரப் பக்கத்தைப் படம் எடுத்து குரூப்பில் போடுவார். கோவை கேமரா வாடகை, ஜீப் டீசல், அருவங்காட்டில் நாலு பேர் சாப்பாடு என்று எல்லாம் அவர் கையெழுத்தில் இருக்கும். ஒரு வாரம் 'சிலிக்கா ஜெல்' என்று ஒரு வரி. அது எதற்கு என்று சென்னையிலிருந்து ஒரு தோழி கேட்டாள். மூடுபனி ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, கேமராப் பெட்டிக்குள் போட்டு வைப்பது என்றேன். சரி என்றவள், அந்த வாரமே இரண்டாம் முறையும் பணம் அனுப்பினாள்.

கொடைக்கானலிலிருந்து: என் சேமிப்புக் கணக்கிலேயே வாங்கிக்கொள்ளலாமா?

வேண்டாம். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வரும் அன்பளிப்பு மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் வரி உண்டு. எவ்வளவு நெருங்கிய நண்பரானாலும் சட்டப்படி உறவினர் ஆகமாட்டார். படத்துக்கென்று தனிக் கணக்கு தொடங்கி, வரவையும் செலவையும் எப்படிக் காட்டுவது என்று முதல் ரூபாய் வருவதற்கு முன்பே ஒரு ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். நன்கொடைக்கு 80ஜி வருமான வரி விலக்கு கேட்கும் தோழர்களிடம், பதிவுபெற்ற அறக்கட்டளைக்குத்தான் அது பொருந்தும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

வெலிங்டனிலிருந்து: துபாயிலும் கனடாவிலும் இருக்கும் தோழர்கள் அனுப்பினால்?

எந்த நாட்டில் இருக்கிறார் என்பது முக்கியமில்லை, எந்த நாட்டுக் குடிமகன் என்பதைக் கேளுங்கள். இந்தியக் குடிமகனாகவே இருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகாது. கனடாக் குடியுரிமை வாங்கியவர் கொடுத்தால், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வந்துவிடும். அம்மா கணக்கு வழியாகச் சுற்றி அனுப்புகிறேன் என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆங்கில சப்டைட்டிலைத் திருத்தித் தரச் சொல்லுங்கள். எங்களுக்கு அந்த வேலையை அப்படி ஒரு தோழிதான் செய்துகொடுத்தாள், அருமையாக.

உதகையிலிருந்து: பணம் போட முடியாதவர்கள் என்ன செய்யலாம்?

என் படத்தின் உயிரே அவர்கள் கொடுத்ததுதான். எச்.பி.எஃப். 1960-இல் தொடங்கி, 1967-இல் உற்பத்திக்கு வந்த ஆலை. 'இந்து' என்ற பெயரில் எக்ஸ்ரே ஃபிலிமும் கறுப்பு வெள்ளைச் சுருளும் அங்கிருந்து போயின. என் வகுப்பில் பலருடைய அப்பா அங்கே வேலை பார்த்தவர்கள். ஒரு தோழர் வீட்டு இரும்புப் பீரோவில், அவர் அப்பாவின் நெஞ்சை எடுத்த பழைய எக்ஸ்ரே இருந்தது. அப்பா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இது நம்ம இந்து ஃபிலிம்" என்றார். படத்தில் வேறு யாராலும் தந்திருக்க முடியாத காட்சி அது. அப்பா அம்மாவைப் பேச வைத்துத் தருவது, பழைய படங்கள், அடையாள அட்டைகள், தங்க ஒரு அறை, ஜீப் என்று எதையும் கேளுங்கள். பணம் போட்டவர்கள் பட்டியலிலேயே இவர்கள் பெயரும் வரட்டும்.

பண்ணைக்காட்டிலிருந்து: பட்ஜெட்டில் எதை மறந்துவிடுவோம்?

மழையை. கூடலூர், அவலாஞ்சி பக்கம் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை அடிக்கும். குன்னூர், கோத்தகிரியை அக்டோபர், நவம்பரில் பிடிக்கும். சும்மா உட்கார்ந்திருந்தாலும் கேமரா வாடகை ஓடிக்கொண்டுதான் இருக்கும், அதற்கு உபரி நாட்கள் போட்டு வையுங்கள். ஏப்ரல், மே சீசனில் அறை வாடகை எகிறிவிடும். 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். காட்டுக்குள் எடுக்க வனத்துறை அனுமதி, ரயிலில் எடுக்க ரயில்வே அனுமதி, இரண்டுமே நாள் பிடிக்கும். டிரோன் ஆசை இருந்தால் வெலிங்டன் ராணுவப் பகுதியும் அருவங்காடு வெடிமருந்து ஆலையும் இருக்கும் பக்கமே வேண்டாம்.

குன்னூரிலிருந்து இன்னொருவர்: ஒரு தோழர் பெரிய தொகை தருகிறார். ஆனால் அவருடைய ரிசார்ட் படத்தில் வரவேண்டுமாம். லாபத்தில் பங்கும் கேட்கிறார்.

நன்றி சொல்லி விட்டுவிடுங்கள். ரிசார்ட் வந்தால் அது விளம்பரம், மற்றவர்கள் அதற்காகக் காசு போடவில்லை. தனி ஆவணப்படத்தில் போட்ட காசு திரும்புவதே அரிது. "இது திரும்பி வராது, படம் எந்தக் கோணத்தில் வந்தாலும் நான் தலையிட மாட்டேன்" என்ற இரண்டு வரியை எழுதி, பணம் தரும் எல்லோரிடமும் ஒப்புதல் வாங்குங்கள். பத்து ரூபாய் போட்டவருக்கும் அதே காகிதம்தான்.

கோத்தகிரி தம்பி, மறுபடியும்: பாதியில் பணம் தீர்ந்துவிட்டால் அக்கா?

உடனே சொல்லுங்கள். மாதக்கணக்கில் சத்தமில்லாமல் இருப்பதுதான் நட்பைக் கெடுக்கும். எடுத்தவரை வெட்டி ஒரு இருபது நிமிடத்தைப் போட்டுக் காட்டி, மீதிக்கு எவ்வளவு வேண்டும் என்று கேளுங்கள். அந்த இருபது நிமிடமே முழுப் படமாக நிற்கும் என்றால் அதோடு முடித்துவிடுவதிலும் தப்பில்லை. பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்று வேண்டும். அதன் கட்டணத்தை மட்டும் முதல் நாளே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.