வெள்ளி ரூபாயில் வானவில்: நாணயச் சேகரிப்பு கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் அப்பத்தா பெட்டகத்தில் 1919ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் 14 இருந்தன. பழைய காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறார்கள். ஓரமெல்லாம் நீலமும் ஊதாவுமாக இருக்கிறது. புளி போட்டுத் தேய்த்தால் போய்விடுமா? (வாசகி, காரைக்குடி)

பதில்: தயவுசெய்து தேய்க்காதீர்கள். போவது நிறம் மட்டுமல்ல, நாணயத்தின் மதிப்பும்தான். 1919 ரூபாய் ஏராளமாக அச்சான ஆண்டு. தேய்ந்ததற்கு வெள்ளி விலைதான் கிடைக்கும். அதில் ஒன்று தனித்து நிற்பது அதன் நிலையாலும் நிறத்தாலும்தான்.

நீங்கள் பார்க்கும் நீலம் அழுக்கு அல்ல. காற்றிலும் காகிதத்திலும் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து சில்வர் சல்பைடு என்னும் மிக மெல்லிய படலமாகிறது. நீரில் மிதக்கும் எண்ணெய்த் துளியில் வண்ணம் தெரிகிற அதே காரணத்தால்தான் இதிலும் தெரிகிறது. படலத்தின் தடிமனைப் பொறுத்து நிறம் மாறும். இதைத்தான் சேகரிப்பாளர்கள் ‘டோனிங்’ என்கிறார்கள்.

ஒரு ரூபாயை ஓரத்தில் பிடித்து மேஜை விளக்கின் கீழே மெல்லச் சாய்த்துப் பாருங்கள். சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள் போல ஒளிக்கீற்று முகத்தைச் சுற்றி ஓடினால், அச்சடித்தபோது உலோகம் பரவிய நுண்வரிகள் இன்னும் அழியவில்லை என்று பொருள். இதுதான் லஸ்டர். புளி, விபூதி, பற்பசை எதைப் போட்டுத் தேய்த்தாலும் அந்த வரிகள் அறுபட்டு மயிரிழைக் கீறல்கள் விழும். பளபளப்பு வரும், ஆனால் ஒளி ஓடாது. கடையில் விற்கும் ‘டிப்’ திரவமும் படலத்தோடு வெள்ளியின் மேல்தோலைக் கரைக்கும். ஒருமுறை போன லஸ்டர் திரும்புவதே இல்லை.

கேள்வி: வானவில் நிறத்துக்கு அதிக விலை கேட்கிறார்கள். செயற்கையாக ஏற்றிய நிறத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: முதலில் நிறங்களின் வரிசையைப் பாருங்கள். படலம் தடிக்கத் தடிக்க வெளிர் மஞ்சள், பொன்னிறம், செம்பழுப்பு, ஊதா, நீலம், வெளிர்நீலம் என்று வரும். பிறகு இரண்டாம் சுற்றாக மஞ்சள், மெஜந்தா, பச்சை. கடைசியில் கருமை. பச்சை இரண்டாம் சுற்றில்தான் பிறக்கும். வெறும் வெள்ளியை ஒட்டி, இடையில் மஞ்சளோ ஊதாவோ இல்லாமல், நேரடியாகப் பச்சையோ அடர்நீலமோ நின்றால் கையை எடுத்துவிடுங்கள்.

இயற்கை டோனிங் பெரும்பாலும் ஓரத்தில் தடித்து நடுவை நோக்கி மெலியும். 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் எழுத்துகளை ஒட்டி நிறம் சற்று விலகி, மெல்லிய வெளிர்க்கோடு தெரிவதுண்டு. அது நல்ல அறிகுறி. நிறத்துக்கு அடியில் லஸ்டர் ஓட வேண்டும். சூடு காட்டியோ கந்தக ரசாயனம் பூசியோ ஏற்றிய நிறம் மேலே மிதப்பது போலிருக்கும், திட்டுத்திட்டாகத் தெறித்திருக்கும், சில சமயம் கந்தக வாடைகூட வீசும். நன்றாகத் தேய்ந்து லஸ்டரே இல்லாத காசில் பளீர் வானவில் இருந்தால் பெரும்பாலும் அது கைவேலை. தேய்த்துக் கெட்ட காசை மறைக்கத்தான் நிறம் ஏற்றுகிறார்கள். ஆகவே நிறத்தின் அடியில் ஒரே திசையில் ஓடும் நுண்கீறல்களைத் தேடுங்கள்.

கேள்வி: விற்பவர் ‘யு.என்.சி.’ என்கிறார், நண்பர் ‘ஏ.யு.’ என்கிறார். எதை நம்புவது? (வாசகர், சேலம்)

பதில்: காசைத்தான் நம்ப வேண்டும். 1949இல் நாணய ஆய்வாளர் ஷெல்டன் அமெரிக்கச் செம்பு சென்ட்டுகளுக்காக வகுத்த 1 முதல் 70 வரையான தர அளவுகோல்தான் இன்று பரவலான வழக்கம். 60 முதல் 70 வரை புழங்காத காசு, அதுதான் யு.என்.சி. 58 என்றால் ஏ.யு., அதாவது ஏறக்குறையப் புழங்காதது; மேடான இடங்களில் மட்டும் லேசான உராய்வு. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் அந்த மேடுகள் கிரீடம், புருவம், மீசை, தோளருகே அங்கியில் உள்ள யானை. அங்கே மட்டும் லஸ்டர் அறுந்து சாம்பல் நிறமாகத் தெரிந்தால் அது ஏ.யு.தான். வடிவம் மழுங்கியிருந்தும் ஒளி தடையின்றி ஓடினால் அது தேய்மானமல்ல, அச்சு சரியாக விழாதது.

அந்த யானைக்கு ஒரு வரலாறு உண்டு. 1911 ரூபாயில் அது பன்றி போலத் தெரிந்ததால் மக்களிடம் எதிர்ப்பு கிளம்பி, நாணயம் திரும்பப் பெறப்பட்டது. 1912 முதல் யானையின் உருவம் திருத்தி அச்சிடப்பட்டது. அதனால்தான் 1911க்குத் தனி மவுசு.

சுத்தம் செய்த காசு எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் தரச்சான்று நிறுவனங்கள் பொதுவாக எண் தராமல் ‘டீடெய்ல்ஸ்’ என்று எழுதிவிடும். காசுமாலையிலிருந்து கழற்றிய, ஓரத்தில் பற்றவைத்த தழும்புள்ள ரூபாய்க்கும் அதே கதிதான்.

கேள்வி: ஆல்பத்தில் வைத்த காசுகளில் பச்சைப் பிசுக்கு படிந்திருக்கிறது. (வாசகர், தூத்துக்குடி)

பதில்: அது பி.வி.சி. உறை செய்த வேலை. மென்மையான, வாடை வீசும் பிளாஸ்டிக் நாளடைவில் அமிலத்தைக் கசியவிட்டு, காசிலுள்ள செம்பை அரிக்கும். உடனே கவனித்தால் காப்பாற்றலாம். கலப்பில்லாத அசிட்டோன் வாங்குங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் கூடாது, அதில் எண்ணெயும் நிறமும் இருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் காசு ஒரு செ.மீ. மூழ்கும்படி ஊற்றி 10 நிமிடம் விடுங்கள். பிறகு வேறு கிண்ணத்தில் புதிய அசிட்டோனில் ஒருமுறை அலசுங்கள். துடைக்காமல் ஓரத்தைப் பிடித்து டிஷ்யூவில் சாய்த்து வையுங்கள், நொடிகளில் உலர்ந்துவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்போ ஊதுபத்தியோ இருக்கவே கூடாது. அசிட்டோன் பிசுக்கைத்தான் எடுக்கும், டோனிங்கைத் தொடாது. பச்சைக்கு அடியில் குழி விழுந்திருந்தால் அதற்கு மருந்தில்லை.

அதன்பின் பாலியெஸ்டர் உறை அல்லது காசு அளவிலான பிளாஸ்டிக் கேப்சூலில் வையுங்கள். வெள்ளி ரூபாயின் விட்டம் சுமார் 30.5 மி.மீ., ஆகவே 31 மி.மீ. கேப்சூல் பொருந்தும். கடலோர ஊர் என்பதால் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறியதும் மாற்றுங்கள். ரப்பர் பேண்டு மட்டும் வேண்டாம், அதிலுள்ள கந்தகம் காசின் குறுக்கே கருங்கோடு போட்டுவிடும்.

கேள்வி: 1939 ரூபாய் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. எடை 11.66 கிராம் சரியாக இருக்கிறது. வாங்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: எடை மட்டும் போதாது. 0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியில் படாமல், குமிழி ஒட்டாமல் முழுக்க மூழ்கடியுங்கள். தராசு சுமார் 1.13 கிராம் காட்ட வேண்டும். 11.66ஐ அதனால் வகுத்தால் 10.3 வரும். அது 91.7 சதவீத வெள்ளியின் அடர்த்தி. வார்ப்புப் போலிகள் பெரும்பாலும் இங்கேயே சிக்கிவிடும்.

ஆனால் 1939 அரிது என்பதால், 1938ஆம் ஆண்டு அசல் ரூபாயில் 8ஐ 9 ஆகச் செதுக்கியிருந்தால் இந்தச் சோதனையிலும் தேறிவிடும், உடம்பு அசல்தானே! ஆகவே கடைசி 9ஐ லென்ஸில் பாருங்கள். அதன் உயரமும் வளைவும் முன்னால் உள்ள 9ஐ ஒத்திருக்க வேண்டும். அந்த இலக்கத்தைச் சுற்றி மட்டும் கருமை அடர்ந்திருந்தாலோ நிறம் மாறியிருந்தாலோ, உளி பட்ட இடத்தை மறைத்திருக்கிறார்கள் என்று கொள்ளுங்கள்.

கேள்வி: ராமர் பட்டாபிஷேகம் பொறித்த 1818 கம்பெனி காசு அரிசியை இழுக்கும் என்கிறார்களே? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி ஒரு நாணயம் வெளியிட்டதே இல்லை. ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தன் பெயரைச் சொல்லிப் பழைய காசு வாங்கவும் விற்கவும் கமிஷன் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்திருக்கிறது.

கேள்வி: தரச்சான்றுக்கு என் 1919 ரூபாயை அமெரிக்காவுக்கு அனுப்பலாமா? (வாசகர், சென்னை)

பதில்: கூடாது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த நாணயம் தொல்பொருள். தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்புவது குற்றம். உறவினர் பையில் கொடுத்தனுப்பினாலும் அப்படியே. 1938, 1939 ரூபாய்களுக்கு இன்னும் நூறு ஆகவில்லை. ஆனாலும் அனுப்புவதற்கு முன் தொல்லியல் துறையிடம் ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்று வாங்கிக்கொள்ளுங்கள்.