ஒன்பதாவது இங்கிலீஷ்: கமாவும் ஆதாரமும்

தம்பி, குடியாத்தத்துல கிராமர்ல மார்க்கை அள்ளின பொண்ணு, அமெரிக்கா வந்ததும் ஒன்பதாவது இங்கிலீஷ் கட்டுரைக்கு 'சி' வாங்கிட்டு வந்தது ஏன்னு கேட்டிருக்கீங்க. டியூஷன் தேடறதுக்கு முன்னாடி, கட்டுரையோட தந்த ரூப்ரிக் தாளை, அதாவது எதுக்கு எத்தனை மார்க்னு போட்ட பட்டியலை எடுங்க. மார்க் எங்க போச்சுன்னு அதுலயே இருக்கும்.

நம்ம ஊர்ல பாஸிவ் வாய்ஸ் மாத்து, கோடிட்ட இடத்தை நிரப்புன்னு கிராமரைத் தனியா கேப்பாங்க. இங்க பெரும்பாலும் பிள்ளை எழுதின பத்தியிலதான் பார்ப்பாங்க. நம்ம பசங்க அடிக்கடி மாட்டுறது கமா ஸ்ப்லைஸ். 'வீ வென்ட் டு த ஃபோர்ட், இட் வாஸ் க்ளோஸ்ட்.' ரெண்டு முழு வாக்கியம், நடுவுல வெறும் கமா. தமிழ்ல 'போய், பார்த்து, திரும்பி'ன்னு கோத்துக்கிட்டே போவோம், அந்தப் பழக்கம். முற்றுப்புள்ளியோ செமிகோலனோ வைக்கணும், இல்ல கமாவுக்கு அப்புறம் 'பட்' சேர்க்கணும். கடைசி வாக்கியத்துல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா மேல படிச்சுட்டு வரச் சொல்லுங்க. கதையோட ஓட்டம் அறுந்துடும், தப்பு கண்ணுல படும். 'ஏ', 'த'ங்கிற ஆர்ட்டிகிள் விடுபட்டிருக்கான்னு பாக்க இன்னொரு சுற்று; ரெண்டையும் ஒரே சுற்றுல தேடினா ரெண்டும் தப்பிக்கும்.

ஆதாரம்தான் பெரிய வேலை. 1806 ஜூலை 10 வேலூர்ப் புரட்சியைப் பத்தி எழுதறான்னு வச்சுக்குங்க. ஒரு தளம் கிடைச்சதும் அதுக்குள்ளேயே உக்காந்து படிக்கக் கூடாது. புது டேப் திறந்து, அதை நடத்துறது யாரு, மத்தவங்க அவங்களைப் பத்தி என்ன சொல்றாங்கன்னு முதல்ல பாக்கணும். டீச்சருங்க இதை லேட்டரல் ரீடிங்னு சொல்வாங்க. 'டாட் ஆர்க்'னு முடிஞ்சா நம்பலாம்னு நினைக்காதீங்க, அந்த முகவரியை யார் வேணும்னாலும் வாங்கலாம்.

எத்தனை சிப்பாய் செத்தாங்கங்கறதுக்கு நூலுக்கு நூல் வேற எண் வரும். பிடிச்ச எண்ணை எடுத்துக்கக் கூடாது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியோட கடிதம்னா அது ஜெயிச்சவன் சொன்ன கணக்கு. 'இவர் கணக்குப்படி'ன்னு பேரோட எழுதணும். விக்கிபீடியாவுல ஆரம்பிக்கலாம், ஆனா மேற்கோள் காட்ட வேண்டியது கீழ இருக்கிற மூல நூலை, அதையும் திறந்து படிச்ச பிறகு.

சொந்த வார்த்தையில மாத்தி எழுதினாலும் மூலம் காட்டியே ஆகணும். இதுல ஏமாந்தா மார்க் குறையறதோட நிக்காது, காப்பி அடிச்சதா கணக்கு. எம்எல்ஏன்னு மூலம் காட்டுற ஒரு முறை இருக்கு; அதுன்னா அடைப்புக்குறிக்குள்ள ஆசிரியரோட குடும்பப் பேர், பக்க எண். நடுவுல மட்டும் கமா போடாதீங்க!