போட்டி நிறுவனத்தின் பீட்டாவில் ஒட்டியிருக்கும் கடன்

கே: எங்கள் நிறுவனம் பங்குச்சந்தையில் பட்டியலிடப்படாதது. கடனே இல்லை என்று வைத்துக்கொண்டால் பங்கு மூலதனச் செலவு (பங்குதாரர்கள் எதிர்பார்க்கும் வருமானம்) எவ்வளவு என்று பார்க்க, இதே தொழிலில் இருக்கும் பட்டியலிட்ட நிறுவனம் ஒன்றின் பீட்டாவை (சந்தை அசையும்போது அந்தப் பங்கு எவ்வளவு அசைகிறது என்ற அளவு, இங்கே 1.4) எடுத்தேன். ரிஸ்க் இல்லாத வட்டி 7%, சந்தை ரிஸ்க் பிரீமியம் (அந்த வட்டிக்கு மேல் சந்தை தரும் கூடுதல் வருமானம்) 6%. விடை 7 + 1.4 × 6 = 15.4%. ஆடிட்டர் இது அதிகம் என்கிறார். அந்த நிறுவனத்துக்கு 5 கோடி பங்குகள், விலை 120, கடன் 400 கோடி, வரி 25%.

ப: ஆடிட்டர் சொல்வது சரி. அந்த 1.4-இல் தொழிலின் ரிஸ்க்கோடு, அவர்கள் வாங்கிய கடனின் ரிஸ்க்கும் சேர்ந்திருக்கிறது. உங்களுக்குத் தேவை முதலாவது மட்டும்.

பங்குகளின் சந்தை மதிப்பு 5 கோடி × 120 = 600 கோடி. கடனில் வரிச் சலுகையைக் கழித்தால் 400 × 0.75 = 300 கோடி. கடன் நீக்கிய பீட்டா: 1.4 × 600 ÷ (600 + 300) = 0.933. இதை வைத்துப் போட்டால் 7 + 0.933 × 6 = 12.6%.

பலர் சறுக்குவது 600 என்ற எண்ணில்தான். பேலன்ஸ் ஷீட்டில் பங்கு மூலதனமும் கையிருப்பு நிதியும் சேர்ந்து 250 கோடி என்று இருந்தால், கை தானாக அதை எடுத்துப் போட்டுவிடும். பீட்டா 0.636 ஆகி, விடை 10.8%-க்கு இறங்கிவிடும். நிராகரிக்க வேண்டிய திட்டம்கூட லாபமாகத் தெரியும். வரி விகிதமும் போட்டியாளருடையதுதான். உங்களுடையது இந்தக் கட்டத்தில் வேண்டாம்.

இன்னொன்று, 6% என்பது பிரீமியம். உங்களிடம் இருப்பது சந்தையின் மொத்த வருமானம் (இங்கே 13%) என்றால் முதலில் 7-ஐக் கழியுங்கள்.

கே: பீட்டாவைத் தொடாமல், மோடிக்லியானி–மில்லர் சூத்திரத்தில் (கடன் உள்ள நிறுவனத்தின் பங்கு மூலதனச் செலவிலிருந்து, கடன் இல்லாதபோது அது எவ்வளவு என்று கண்டுபிடிப்பது) கடன் வட்டி 9% என்று போட்டுப் பார்த்தேன். (15.4 + 9 × 0.5) ÷ 1.5 = 13.27%. 12.6% ஏன் வரவில்லை?

ப: உங்கள் கூட்டல் சரி, 0.5 என்பது 300 ÷ 600. மேலே நாம் போட்ட கணக்கு, கடனுக்கு ரிஸ்க்கே இல்லை, அதாவது கடனின் பீட்டா பூஜ்யம் என்று எடுத்துக்கொள்கிறது. 9-க்குப் பதில் 7 போடுங்கள், அதே 12.6% வரும். வட்டி 9% என்றால் அந்த 2% கூடுதலுக்கு ஈடான கடன் பீட்டா 2 ÷ 6 = 0.333. அதில் மூன்றில் ஒரு பங்கை (300 ÷ 900) 0.933-உடன் கூட்டினால் 1.044, விடை 13.27%. போட்டியாளரின் கடன் பாதுகாப்பானது என்றால் முதல் விடை போதும். நலிந்த நிறுவனம் என்றால் இரண்டாவதையே நம்பலாம், ஆனால் அந்த 2% கூடுதல் முழுவதையும் சந்தை ரிஸ்க்குக்கான கூலியாக எண்ண வேண்டாம். அதில் கடன் திரும்பாமல் போவதற்கான ஈடும் கலந்திருக்கும்.

போட்டியாளருக்கு வேறு தொழிலும் இருந்தால் 1.4 என்பதே கலப்படம். அப்போது ஒரே தொழில் செய்யும் நான்கைந்து நிறுவனங்களைத் தனித்தனியே கடன் நீக்கி, இடைநிலை மதிப்பை எடுங்கள். கடனை நீக்காமல் சராசரி எடுத்தால் பயனில்லை.