எந்தக் கால்வாசி வரவில்லை என்று முதலில் பாருங்கள்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதானே? டூசல்டார்ஃபில் வாடகை வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. முன்பு குடியிருந்தவர் பால்கனியில் டிஷ்ஷை அப்படியே விட்டுப் போயிருக்கிறார். யாரிடமோ 10 யூரோவுக்குப் பழைய ரிசீவர் ஒன்றை வாங்கி மாட்டினீர்கள். பாதி சேனல் வருகிறது, மீதிக்கு ‘சிக்னல் இல்லை’. எல்.என்.பி (டிஷ்ஷின் மூக்கில் இருந்து அலையைப் பிடித்துக் கேபிளில் இறக்கும் கருவி) மெனுவைத் திறந்தால் 9750, 10600, 5150, 22கே, டைசெக் என்று ஏகப்பட்டது நிற்கிறது, எதை எப்படி வைப்பது? ஊரிலிருந்து கொண்டுவந்த செட்டாப் பாக்ஸை இதே டிஷ்ஷில் சொருகினால் அம்மா வரும்போது நம் ஊர் சீரியல் பார்க்க முடியுமா?

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். முடியாது. நம் ஊர் டி.டி.எச் செயற்கைக்கோள்கள் 83 டிகிரி, 93.5 டிகிரி கிழக்கு என்று அந்தப் பக்கம் நிற்கின்றன. டூசல்டார்ஃபிலிருந்து பார்த்தால் 83 டிகிரியில் இருப்பது அடிவானக் கோட்டிலேயே உட்கார்ந்திருக்கும். 93.5 அதற்கும் கீழே, பூமியே மறைத்துவிடும். எவ்வளவு பெரிய டிஷ் வைத்தாலும் நடக்காத காரியம். அம்மாவுக்கு இணைய வழிதான். அந்தப் பெட்டியை அடுத்த முறை ஊருக்குப் போகும்போது திரும்ப எடுத்துப் போங்கள்.

இனி டிஷ். பாதி சேனல் வருகிறது என்றால் அது நல்ல சகுனம். டிஷ் சரியான திசையில் இருக்கிறது, எல்.என்.பிக்கு உயிர் இருக்கிறது, கேபிள் அறுந்துபோகவில்லை. அதனால் ஸ்பேனரைக் கையில் எடுக்காதீர்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கொலோனில் என் முதல் குளிர்காலத்தில் எனக்கும் இதே பாதிதான் வந்தது. காற்றில் டிஷ் நகர்ந்திருக்கும் என்று நானே முடிவு கட்டி நட்டைத் தளர்த்தினேன். வந்துகொண்டிருந்த பாதியும் போயிற்று. இரண்டு மாலை நேரம், கையுறையோடு நட்டைத் திருப்ப முடியாது, கழற்றினால் விரல் மரத்துப்போகும். உள்ளே மனைவி “நாற்பது... முப்பத்தெட்டு... ஐயோ பூஜ்யம்” என்று எண்ணிக்கொண்டிருந்தாள். கடைசியில் டிஷ்ஷைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்த பிறகுதான் தெரிந்தது, தப்பு மெனுவில் ஒரே ஒரு வரியில் இருந்தது என்று.

அந்த வரி என்னவென்று சொல்வதற்கு முன்னால் உங்கள் ரிசீவரின் வயதைப் பாருங்கள். 10 யூரோ என்றதும் எனக்குச் சந்தேகம். பெட்டியில் எச்.டி முத்திரையோ டி.வி.பி-எஸ்2 (எச்.டி வரும் செயற்கைக்கோள் ஒளிபரப்பு முறை) என்றோ எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் எந்த செட்டிங்கை மாற்றினாலும் ஏ.ஆர்.டி என்ற பொது ஒளிபரப்பு நிறுவனத்தின் சேனல்கள் வராது. அவர்கள் 2025 ஜனவரி 7 அன்று செயற்கைக்கோளில் பழைய எஸ்.டி (சாதாரணத் தரம்) ஒளிபரப்பை நிறுத்திவிட்டு எச்.டி மட்டும் அனுப்புகிறார்கள். அப்படிப்பட்ட பெட்டியோடு மல்லுக்கட்ட வேண்டாம், வேறு வாங்குங்கள். இன்றைய டிவிக்கள் பலவற்றில் ரிசீவரின் வேலையைச் செய்யும் செயற்கைக்கோள் ட்யூனர் உள்ளேயே இருக்கிறது. பின்பக்கம் திருகு போட்ட உருண்டை சாக்கெட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கலாம்.

பெட்டி எச்.டிதான் என்றால் விஷயத்துக்கு வருவோம். இங்கே எல்லாரும் பார்ப்பது 19.2 டிகிரி கிழக்கில் இருக்கும் அஸ்ட்ரா செயற்கைக்கோள். அதன் அலைவரிசைகள் எல்.என்.பியின் கணக்கில் நான்கு கூறு. 10.7 முதல் 11.7 கிகாஹெர்ட்ஸ் வரை கீழ்ப்பட்டை, அதற்கு மேல் 12.75 வரை மேல்பட்டை. இரண்டிலும் அலை அதிரும் திசையை வைத்துச் செங்குத்து, கிடை என்று இரண்டு வகை. இந்தக் கூறு ஒவ்வொன்றையும்தான் கால்வாசி என்கிறேன். ஒரே கேபிளில் நான்கும் ஒன்றாக இறங்க முடியாது, ஒரு நேரத்தில் ஒன்றுதான். எது வேண்டும் என்று ரிசீவர் அதே கேபிள் வழியாக மேலே சொல்லி அனுப்புகிறது. 13 வோல்ட் கொடுத்தால் செங்குத்து, 18 வோல்ட் கொடுத்தால் கிடை. கூடவே 22 கிலோஹெர்ட்ஸ் டோன் என்ற சின்ன சைகை (மெனுவில் ‘22கே’) போனால் மேல்பட்டை, போகாவிட்டால் கீழ்ப்பட்டை. எல்.என்.பிக்குப் புரியும் பாஷை இவ்வளவுதான்.

ஆகவே எந்தக் கால்வாசி காணவில்லை என்று கண்டுபிடித்தால் பழுதும் கிடைத்துவிடும். சோதிக்க இவற்றைப் பாருங்கள் (எண்கள் மெகாஹெர்ட்ஸில்): ஏ.ஆர்.டியின் தாஸ் எர்ஸ்டே எச்.டி, 11494 கிடை, கீழ்ப்பட்டை. 3சாட் எச்.டி, 11347 செங்குத்து, கீழ்ப்பட்டை. ஆர்.டி.எல் எஸ்.டி, 12188 கிடை, மேல்பட்டை. மேல்பட்டைச் செங்குத்துக்கு நான் 12480 அலைவரிசையைப் போட்டுப் பார்ப்பது வழக்கம்.

முதல் இரண்டும் வருகின்றன, மற்ற இரண்டும் இல்லை என்றால் மேல்பட்டை முழுக்க இல்லை, அதாவது டோன் போகவில்லை. என் கதை இதுதான். எல்.என்.பி அலைவரிசை என்ற இடத்தில் 9750 மட்டும் இருந்தது. சேனலின் அலைவரிசையிலிருந்து இந்த எண்ணைக் கழித்து வருவதுதான் கேபிளில் இறங்கும். ரிசீவர் அந்த 9750ஐ வைத்துக்கொண்டு 12188ஐத் தேடினால் 2438 மெகாஹெர்ட்ஸ் என்று கணக்கு வரும். ட்யூனரின் எல்லையோ 2150. எப்படிக் கிடைக்கும்? அங்கே ‘யுனிவர்சல்’ என்றோ ‘9750/10600’ என்றோ வையுங்கள். இரண்டு எண்களும் சேர்ந்திருக்க வேண்டும். 22கே வரியை ‘ஆட்டோ’வில் விடுங்கள். யுனிவர்சல் என்று சொன்னதுமே பல பெட்டிகளில் அந்த வரி மங்கிப்போகும், அது சரியானதே. 5150 என்பது சி-பேண்டுக்கானது, ஊரில் ஆறடி, எட்டடி டிஷ் வைத்தவர்கள் பயன்படுத்திய எண். உங்களுக்கு அதனோடு எந்த ஜோலியும் இல்லை.

செங்குத்து வந்து கிடை மட்டும் போயிருந்தால் 18 வோல்ட் மேலே போய்ச் சேரவில்லை. எல்.என்.பி பவர் 13 என்று நிலையாக வைக்கப்பட்டிருக்கலாம், ‘13/18’ அல்லது ‘ஆட்டோ’ ஆக்குங்கள். மெனு சரியாக இருந்தும் இப்படியென்றால் கேபிள் முனையைச் சந்தேகியுங்கள். துருப்பிடித்த இணைப்பில் வோல்ட்டேஜ் வழியிலேயே கசிந்துபோய் எல்.என்.பிக்கு 18க்குப் பதில் 14 சொச்சம் கிடைத்தால், அது தனக்குச் செங்குத்துதான் கேட்டார்கள் என்று நினைத்துக்கொள்ளும்.

எதை மாற்றினாலும் ஒரே ஒரு கால்வாசிதான் வருகிறதா? அப்போது மட்டும் பால்கனிக்குப் போய் எல்.என்.பியைக் குனிந்து பாருங்கள். கேபிள் மாட்டும் நான்கு முனைகளின் பக்கத்தில் செங்குத்து-கீழ், கிடை-மேல் என்று குறிக்கும் எழுத்துகள் அச்சடித்திருந்தால் அது ‘குவாட்ரோ’. அதன் ஒவ்வொரு முனையும் ஒரு கால்வாசியை மட்டும் தரும், மல்டிசுவிட்ச் என்ற பெட்டி நடுவில் இருந்தால்தான் பயன். உங்களுக்கு வேண்டியது ‘சிங்கிள்’ அல்லது ‘ட்வின்’. கடையில் ‘குவாட்’ (ஒவ்வொரு முனையும் நான்கு கால்வாசியையும் தருவது), ‘குவாட்ரோ’ இரண்டும் அடுத்தடுத்துத் தொங்கும், ஒற்றை எழுத்தில் ஏமாந்து வாங்கியவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர்.

டைசெக் என்பது பல எல்.என்.பிகளில் எது வேண்டும் என்று ஏ, பி எனத் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச் முறை, ஒன்றுக்கு மேற்பட்ட எல்.என்.பி இருந்தால்தான் தேவை. உங்கள் டிஷ்ஷில் ஒற்றை மூக்கு என்றால் அணைத்துவிடுங்கள். இரட்டை மூக்கு என்றால் அது அஸ்ட்ராவோடு 13 டிகிரியில் உள்ள ஹாட்பேர்டு செயற்கைக்கோளையும் பிடிக்க வைத்தது. அஸ்ட்ராவுக்கு ஏ, ஹாட்பேர்டுக்கு பி என்பது இங்கே எழுதாத வழக்கம். மாறியிருந்தால் பலம் 80, தரம் பூஜ்யம் என்று காட்டும். மெனுவில் எப்போதும் தரத்தைத்தான் பார்க்க வேண்டும். பலம் என்பது எல்.என்.பி போடும் வெறும் இரைச்சலுக்கும் ஏறும், அதை நம்பித்தான் நான் இரண்டு மாலையைத் தொலைத்தேன். டோன்பர்ஸ்ட், மோட்டார் இரண்டும் ஆஃப்.

பெட்டி ‘ஷார்ட் சர்க்யூட்’ என்று கத்தினால் உடனே மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டுக் கேபிளின் திருகு முனையைக் கழற்றுங்கள். நடுவில் செம்புக் கம்பி, சுற்றிலும் மெல்லிய வெள்ளிப் பின்னல். அந்தப் பின்னலில் ஒரே ஒரு இழை, தலைமுடி அளவுதான், வளைந்து நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். நகத்தால் பின்னுக்குத் தள்ளிவிட்டு மறுபடி மாட்டினால் போதும். செம்பு கறுத்தோ பச்சை படிந்தோ இருந்தால் இரண்டு விரற்கடை வெட்டிவிட்டுப் புது முனை போடுங்கள், பாவ்மார்க்டில் (வீட்டுப் பழுதுபார்ப்புச் சாமான் கடை) சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

இன்னொரு வேடிக்கை. நான்கு கால்வாசியும் வருகின்றன, 12480ஐ ஒட்டிய சேனல்கள் மட்டும் அவ்வப்போது கட்டம் கட்டமாக உடைகின்றன என்றால், வீட்டில் கம்பியில்லாத் தொலைபேசி இருக்கிறதா என்று பாருங்கள். 12480இலிருந்து 10600ஐக் கழித்தால் 1880. அந்தத் தொலைபேசிகள் பேசுவதும் 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸில்தான். மலிவான கேபிளாக இருந்தால் அது உள்ளே புகுந்துவிடும். தொலைபேசியின் தளத்தை டிவியிலிருந்து தள்ளி வைத்தாலே பெரும்பாலும் தீரும்.

ஹவுஸ்மைஸ்டர் (கட்டடப் பராமரிப்பாளர்) வந்து டிஷ்ஷைக் கழற்றச் சொன்னால் பதறாதீர்கள், வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த வாடகைதாரருக்குச் சொந்த நாட்டுச் சேனலைப் பார்க்கும் உரிமை பற்றி ஜெர்மன் அரசியல் சட்ட நீதிமன்றம் 1994இல் ஒரு துருக்கியர் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் உங்கள் டிஷ் அஸ்ட்ராவைப் பார்க்கிறது, அதில் நம் ஊர் எதுவும் இல்லை, அந்த வாதம் உங்களுக்கு உதவாது. முன்னவருக்கு எழுத்தில் அனுமதி இருந்ததா என்று கேட்டு, உங்கள் பெயருக்கும் ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் கேட்டும் ஒரு கடிதம் வரும். டிஷ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், டிவியே இல்லாவிட்டாலும் அது கட்டவேண்டியதுதான்.

சரி, இன்று மாலை அந்த நான்கு அலைவரிசைகளையும் போட்டுப் பார்த்து எது வருகிறது, எது வரவில்லை, தரம் எத்தனை என்று எழுதுங்கள். எல்.என்.பியின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது. அதுவரை நட்டைத் தொடாதீர்கள்.