சமன்பாடும் மனச்சோர்வும் – கடிதம்

வணக்கம்,

மூளையும் கணிதமும் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். என் தம்பிக்கு நீண்ட நாளாக மனச்சோர்வு. முன்பு ஆசையாகச் செய்த எதையும் இப்போது தொடுவதில்லை. கேட்டால் "செஞ்சு என்ன ஆகப்போகுது" என்கிறான். மூளையைச் சமன்பாடாக எழுதி மனநோயைப் புரிந்துகொள்ளலாம் என்கிறீர்கள். அவன் படும் வேதனையை எண்ணாக்கி என்ன செய்யப் போகிறார்கள்? எனக்குக் கோபம்தான் வந்தது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கோபம் நியாயமானது. ஆனால் அந்தச் சமன்பாடுகள் வேதனையை அளக்க வந்தவை அல்ல. உங்கள் தம்பி ஏன் எதையும் தொடுவதில்லை என்ற கேள்வியை இன்னும் கூர்மையாகக் கேட்க வந்தவை.

இன்றைய நோயறிதலைப் பாருங்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு மனச்சோர்வுக்கு 9 அறிகுறிகளைச் சொல்கிறது. அவற்றில் 5 இரண்டு வாரம் நீடிக்க வேண்டும். தாழ்ந்த மனநிலை, ஆர்வமின்மை ஆகிய இரண்டில் ஒன்றாவது அதில் இருக்க வேண்டும். ஆக, ஒரே ஒரு அறிகுறி மட்டும் பொதுவாக உள்ள இருவருக்கும் அதே நோய்ப் பெயர்தான். உள்ளே பழுதானதும் ஒன்றுதானா? பெயர் அதைச் சொல்லாது.

சரி, ஆர்வமின்மையை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1972-இல் ரெஸ்கோர்லா, வாக்னர் என்ற இரு உளவியலாளர்கள் கற்றலுக்கு ஓர் எளிய சமன்பாடு எழுதினார்கள். கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள இடைவெளியில் ஒரு பங்கு, அடுத்த எதிர்பார்ப்பில் சேர்கிறது. ஒரு செயல் 10 அளவு இன்பம் தருகிறது. முதலில் எதிர்பார்ப்பு 0. அந்தப் பங்கு 0.3 என்று வையுங்கள். எதிர்பார்ப்பு முதலில் 3 ஆகும், அடுத்து 5.1, அப்படியே 10-ஐ நெருங்கும். இப்போது இரண்டு பேர். ஒருவருக்கு அந்த 10, வெறும் 2 ஆகத்தான் உள்ளே படுகிறது. எத்தனை முறை செய்தாலும் அவருடைய எதிர்பார்ப்பு 2-ஐத் தாண்டாது. இன்னொருவருக்கு இன்பம் முழுதாகவே படுகிறது, ஆனால் பங்கு 0.03. முதல் முறைக்குப் பின் எதிர்பார்ப்பு 0.3 மட்டுமே, அவர் விடாமல் செய்தால் ஒருநாள் 10-ஐ நெருங்குவார். வெளியிலிருந்து பார்த்தால் இருவரும் சொல்வது "என்ன ஆகப்போகுது" என்பதுதான். ஆனால் "செய்துகொண்டே இரு, பழகிவிடும்" என்ற யோசனை இரண்டாமவருக்குப் பலிக்கலாம். முதலாமவருக்கு வெறும் களைப்பைத்தான் தரும். எனக்கு இந்தத் துறையில் முக்கியமாகப் படுவது இதுதான். வார்த்தையால் பிரிக்க முடியாததை, பரிசு கிடைக்கும் ஒரு சின்ன விளையாட்டில் ஒருவர் எதை எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்று தொடர்ந்து பார்த்துப் பிரிக்க முயல்கிறார்கள். 2013-இல் பல சோதனைகளின் தரவுகளைச் சேர்த்து ஆராய்ந்தபோது, மனச்சோர்வில் குறைவது பெரும்பாலும் கற்கும் வேகம் அல்ல, பரிசு உள்ளே படும் அளவு என்றே தெரிந்தது.

இது வெறும் காகிதக் கணக்கும் அல்ல. டோபமைன் என்ற மூளை ரசாயனத்தை வெளியிடும் நரம்பணுக்கள், குரங்குகளில், கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள அந்த இடைவெளியைத்தான் கிட்டத்தட்ட சமிக்ஞையாக அனுப்புகின்றன என்று 1997-இல் ஷுல்ட்ஸ், டயான், மாண்டேகு என்ற மூன்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். "மூளையில் ரசாயனம் குறைந்துவிட்டது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதைவிட எனக்கு இது மேல். தவறு என்றால் தவறு என்று காட்டிவிடலாம்.

குறைகளும் உண்டு. ஒரே ஆளுக்கு வேறொரு நாளில் சோதனை வைத்தால் கிடைக்கும் எண் மாறிவிடுவதும் உண்டு. வேலை போனது, நெருங்கியவர் இறந்தது எதுவும் அந்த விளையாட்டில் வராது. ஒருவருக்கு எந்த மருந்து என்று முடிவு செய்யும் கருவியாக இது இன்னும் மருத்துவமனைகளில் பழக்கத்துக்கு வரவில்லை. அதனால் உங்கள் தம்பி இப்போது எடுக்கும் சிகிச்சையைத் தொடரட்டும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது "ஆர்வம் இல்லை" என்பதோடு நிறுத்த வேண்டாம். தொடங்கவே முடியவில்லையா, தொடங்கிச் செய்தும் எதுவும் தோன்றவில்லையா என்பதையும் தம்பி சொல்லட்டும்.